லீவுக்கும் வெச்சுக்குவீங்களா?

நீச்சல் குளத்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ மதுமதி எதுவும் கேட்கவில்லை. கெங்கவல்லியைத் தாண்டி, மலையடிவாரத்தில் மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்த இன்டர்நேஷனல் பள்ளிக்கூடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "லீவுக்கும் வெச்சுக்குவீங்களா?" என்பதுதான்.

அட்மிஷன் பார்த்துக்கொள்ளும் மலர்விழி என்ற இளம்பெண் தயாராக வைத்திருந்த சிரிப்புடன் நிமிர்ந்தாள். "எந்த லீவு மேடம்? காலாண்டு, அரையாண்டா?"

"எல்லா லீவும். பொங்கல், தீவாளி, முழுப் பரீட்சை லீவு."

மலர்விழி சோபாவில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, ஆறு வயதுப் பையன் ஒருவன். இருவருக்கும் சுருண்ட முடி, ஆழ்ந்த கறுப்பு. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "வெளிநாட்டுல இருக்கிற பேரண்ட்ஸ் நிறைய பேர் இதத்தான் மேடம் கேக்குறாங்க. ஹாஸ்டல் வருஷம் பூரா திறந்திருக்கும். கவலையே படாதீங்க. நீங்க பசங்களோட அம்மாவா?"

"கார்டியன்" என்றாள் மதுமதி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் தமிழரசு, கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்திருந்த கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன் தமிழரசு. போர்வெல் போடும் ரிக் வண்டிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஜாம்பியாவுக்குப் போனவன். அவர்கள் மகள் நித்யஸ்ரீ அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அதன் பிறகு தை மாதத்துக்கு மட்டும் வருவான், பத்து நாள் இருப்பான், போய்விடுவான். கேட்டால் டெண்டர் என்பான், ரோடு சரியில்லை என்பான். போன மாதம் நாமக்கல் வீட்டு வாசலில் கார் நின்றபோது அவனோடு இந்த இரண்டு பேரும் இறங்கினார்கள். பெட்டிகளோடு பிள்ளைகளை வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். எஸ்தர் என்று ஒருத்தி. காய்ச்சலில் போய்விட்டாள். அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஆள் இல்லை. "நீ என்ன சொல்றியோ அதத்தான் செய்வேன் மது. இனி நான் ஒரு வார்த்த மாத்திப் பேச மாட்டேன்" என்றான்.

எஸ்தரை மதுமதியால் ஒருவேளை செரித்துக்கொண்டிருக்க முடியும். ஏதோ இருக்கிறது என்று உள்ளுக்குள் எப்போதோ தெரிந்துதான் இருந்தது. செரிக்காதது ஒரு பெயர். அவர்கள் குடும்பத்தில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான் வைப்பார்கள். நித்யஸ்ரீக்குப் பிறகு மதுமதிக்கு இரண்டு கரு தங்காமல் போனது. மாமனாரின் பெயர் அப்படியே காத்துக் கிடந்தது. காத்துக் கிடந்தே அவரும் போய்விட்டார். அன்றைக்கு வராந்தாவுக்கு வந்து பையனிடம் பெயர் என்ன என்று கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்து, பழகாத நாக்கில், "கண்டப்பன்" என்றான்.

கந்தப்பன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய் எங்கோ ஒரு ஊரில் வைத்திருக்கிறான்.

உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்ணின் பெயர் சந்தா என்றதும், "பத்திரிகைக்குக் கட்டற சந்தாவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் அவர்கள் ஊர்ப் பேச்சும்தான் தெரியும் என்று எல்லாருமே நினைத்துக்கொண்டதால் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. நிறத்தைப் பேசினார்கள், முடியைப் பேசினார்கள், செத்துப்போனவளைப் பேசினார்கள். பள்ளிபாளையத்தில் இருக்கும் தங்கையிடம் மதுமதி போனில் பேசும்போது சந்தா அதே அறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். "அந்தப் பொம்பள போனதுதான் போனா, இதுகளையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமில்ல" என்று ஒருநாள் மதுமதி சொன்னாள். சந்தா நிமிரவே இல்லை. மடித்த சட்டையை இன்னொரு தரம் மடித்தாள்.

கல்லூரியில் சேரக் காத்திருந்த நித்யஸ்ரீ முதல் சில நாள் அப்பாவோடு பேசவில்லை. பிறகு பையன் அவள் மடியில் தலை வைத்து டிவி பார்க்கத் தொடங்கினான். அவனுக்கு அவள் தமிழ் வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு சாயங்காலம் அவன் சமையலறை வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, தண்ணி" என்றான். யோசிப்பதற்கு முன்பே மதுமதி டம்ளரில் மொண்டு கொடுத்துவிட்டாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது விரல்கள் பட்டன. அவளுக்குப் பயமாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போனால் இந்த வீட்டில் யார் இருந்தார்கள், யார் வந்தார்கள் என்பதே மறந்துவிடும் என்று தோன்றியது. மறுநாளே பள்ளிக்கூடம் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

முதலில் பார்த்தது சேலம் ரோட்டில் இருந்தது. வெளிநாட்டுப் பாடத்திட்டம், வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர், பெரிய நூலகம். அங்கே சந்தா புத்தகங்களின் முதுகை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். ஓர் ஆசிரியை அவளிடம் என்ன படிப்பாய் என்று கேட்டார். சந்தா நின்று பேசினாள். ஏதோ ஒரு ஆற்றைப் பற்றி, அதில் அம்மா துணி துவைத்ததைப் பற்றி. இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாகச் சிரித்தாள். தமிழரசு அதைப் பார்த்துவிட்டு, "இதே இருக்கட்டும் மது. அரை மணி நேரந்தான். வாராவாரம் கூட்டிட்டு வந்துக்கலாம்" என்றான். அந்த 'வாராவாரம்' என்ற சொல்லோடு அந்தப் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. "இங்க ஒழுக்கம் பத்தாதுங்க" என்றாள் மதுமதி.

இன்று காலையிலேயே பெட்டிகளைக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டாள். பிடித்திருந்தால் விட்டுவிட்டே வந்துவிடலாம் என்றாள். நித்யஸ்ரீ குளித்துக்கொண்டிருந்தபோது கிளம்பினார்கள்.

மலர்விழி பெண்கள் விடுதியைச் சுற்றிக் காட்டினாள். இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு தகரப் பெட்டி, கம்பி வலை அடித்த ஜன்னல்கள். பெயர்ப்பலகையில் 'இன்டர்நேஷனல்' மட்டும் புதுப் பெயின்டில் பளபளத்தது. திரும்பி வரவேற்பறைக்கு வந்ததும், "பையனுக்கு மட்டும் எருமப்பட்டி கேம்பஸ் மேடம். இங்க கேர்ள்ஸ்தான். பாய்ஸ் எல்லாம் அங்க" என்றாள்.

தமிழரசு முதல் முறையாக வாயைத் திறந்தான். "ரெண்டு பேரும் பாத்துக்கறது எப்படிங்க?"

"ஆண்டு விழாவுக்கு எல்லாருமே ஒண்ணா வருவாங்க சார்."

மதுமதி இதைத் தேடி வரவில்லை. பிரித்துப் போட வேண்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. ஆனால் கையில் வந்து விழுந்தபோது வேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை. தலையை ஆட்டினாள்.

சோபாவில் இருந்து சந்தா எழுந்தாள். மதுமதிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க பெரியம்மா" என்றாள். "நா இங்கயே இருந்துக்கறனுங்க. லீவுக்கும் வர்லீங்க. தம்பிய மட்டும் ஊட்டுல வெச்சுக்கோங்க. அவன் அளுவ மாட்டானுங்க. கொஞ்சந்தான் சாப்புடுவானுங்க."

மலர்விழியின் கையில் இருந்த பேனா நின்றது. அது ரிக் வண்டி ஆட்களின் பேச்சு. திருச்செங்கோட்டில் இருந்து போன டிரைவர்களும் டிரில்லர்களும் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டை போட்ட கொட்டகையில் பிறந்து வளர்ந்தவளின் தமிழ். தம்பிக்குப் பேச்சு வருவதற்கு முன்பே அவர்கள் அங்கிருந்து வீடு மாறியிருந்தார்கள். மதுமதியின் ஊர்த் தமிழைவிடச் சுத்தமாக இருந்தது.

"உனக்குத் தமிழ் தெரியுமா?" என்றாள் மதுமதி.

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லுல?"

"ஆரும் கேக்குலீங்களே."

அந்த ஒரு மாதமும் மதுமதிக்குள் திரும்ப ஓடியது. உறவுக்காரர்களின் சிரிப்பு. தங்கையோடு பேசிய போன். இரண்டாம் தரம் மடித்த சட்டை. எழுந்துவிட வேண்டும், இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும் என்று நெஞ்சு சொன்னது. அப்படி ஒரு கணம் இருந்தது. "போலாம், எந்திரிங்க" என்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

அதற்குள் தமிழரசு அவள் பக்கம் குனிந்தான். "அவ சொல்றதும் சரியாத்தான் படுது மது. பையன மட்டும் வெச்சுக்கலாம். அப்பா பேரு சொல்ல நம்மூட்டுக்கும் ஒரு பையன் ஆச்சு." அவன் முகம் வெளிச்சமாகியிருந்தது. முன்னால் நின்றுகொண்டிருந்த மகளை அவன் பார்க்கவே இல்லை.

அந்த முகம் மதுமதிக்குத் தெரியாததல்ல. நித்யஸ்ரீ பிறந்தபோது ஆஸ்பத்திரித் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்தது பாத்துக்கலாம்" என்று சொன்ன வாய் இது. இப்போது இன்னொரு பெண்ணையும் அதே குரலில் ஓரமாக வைக்கிறான். அவனுடைய வெளிச்சத்தை அணைக்க வேண்டும் என்பதைத் தவிர அப்போது அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிப் போயும் அதை அணைத்திருக்கலாம். அந்த வழி அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"ரெண்டு பேரையும் சேத்திக்கோங்க" என்றாள் மலர்விழியிடம். "இவ இங்க. அவன் எருமப்பட்டி."

தமிழரசு ஏதோ சொல்ல வந்தான். தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோப்பைகளின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சந்தா அழவில்லை. தம்பியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அவனுடைய சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, அவர்கள் ஊர்ப் பேச்சில் நெடுநேரம் எதையோ சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். அங்கிருந்த யாருக்கும் அது புரியவில்லை. பிறகு எழுந்து, ஆயா எடுத்துக்கொண்டு போன தன் பெட்டிக்குப் பின்னால் நடந்தாள். அப்பாவிடம் வந்து நிற்கவில்லை.

ஆத்தூர், ராசிபுரம் என்று கார் போய்க்கொண்டிருந்தது. தமிழரசு ஓட்டினான். பின்சீட்டில் கந்தப்பன் தூங்கிச் சரிந்து மதுமதியின் தொடையில் தலை வைத்தான். அவள் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. கையைத் தூக்கி முன்சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். கைப்பையில் போன் அதிர்ந்தது. நித்யஸ்ரீயாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை.

எருமப்பட்டி விடுதியின் வார்டன் காத்தான், பையனின் பெயரைக் கேட்டதும் குலுங்கிச் சிரித்தான். "கந்தப்பனா? இந்த மொகத்துக்கா? நல்லா வெச்சாங்க போங்க." முதல் வேலையாகத் தண்ணித் தொட்டிப் பக்கம் கூட்டிப் போய் உட்காரவைத்தார்கள். தலையில் மெஷின் ஓட ஓட முடிச் சுருள்கள் ஈரத் தரையில் விழுந்தன. பையன் அசையாமல் இருந்தான். அழக்கூடாது என்று அக்கா சொல்லியிருப்பாள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் டவுசரும் தொளதொளவென்று ஒரு சட்டையும் மாட்டிவிட்டார்கள். தமிழரசு அவன் மொட்டைத் தலையைத் தடவி, "அக்கா அப்பறம் வருவா சாமி" என்று இங்கிலீஷிலும் தமிழிலும் சொல்லிவிட்டு வேகமாகக் காருக்குப் போய்விட்டான்.

சாயங்காலச் சிற்றுண்டிக்கு மணி அடித்தது. மதுமதியும் காருக்குப் போயிருக்கலாம். சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

நீளமான பெஞ்சுகளில் பையன்கள் தட்டோடு வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கந்தப்பன் தன் தட்டை மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தான். ஒரு பையன் உட்கார வந்தபோது, "சிஸ்டர்" என்றான். அவன் விழித்துவிட்டு நகர்ந்தான். இன்னொருவன் வந்தான். "சிஸ்டர்." உப்புமாவில் இருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்தவன் பெரிய பையன். அவன் எதையும் கேட்கவில்லை. கையின் மேலேயே உட்கார்ந்தான்.

வெளியே காரின் ஹாரன் ஒலித்தது. கந்தப்பன் கத்தவில்லை. அடியில் மாட்டிய கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்து, வாயில் வைத்து ஊதினான். பிறகு பெஞ்சின் நுனிப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தின் மேல் கையை விரித்து வைத்தான்.