பிடியில் ஒரு நூல்

"முறுக்கு சுட்டதுக்குப் போயி நீ மேஜர் பதவிய—"

"முறுக்கு சுட்டது தப்புன்னு யாருடா சொன்னா, நான் வாயத் தொறந்து பேசுனதுதான்—"

"பேசுனா என்னா லா? தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வாய மூடிக்கிட்டா நிப்பாங்க, நீ வேற—"

"குணா, என்னைக் கொஞ்சம் பேச விடு."

அவன் விடவில்லை, அவளும் நிறுத்தவில்லை. ஜெலுத்தோங்கில் அந்த வரிசை வீட்டின் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் தம்பி குணாளன், இந்தப் பக்கம் அக்காள் ஷர்மினி. நடுவில், ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பசியாறலுக்கு வாங்கி வந்த ரொட்டி சானாய் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒருவர் பேச்சை மற்றவர் முடிக்க விடாமல் பாதியில் பிடுங்கிக்கொள்வது அந்த இருவருக்கும் சின்ன வயதுப் பழக்கம். அப்போதெல்லாம் கோழிக்காலுக்கும் தொலைக்காட்சிக்கும் சண்டை. இன்றைக்குச் சண்டை ஒரு கைத்துப்பாக்கிக்கு.

ஷர்மினி ராணுவத்தில் மேஜர். ஆயுதங்களைப் பராமரிக்கும் பிரிவில் இருப்பவள். இடுப்பில் கைத்துப்பாக்கி தரிக்கும் எல்லாருக்கும் பழையதை மாற்றிப் புதிதாக ஒரே ரகம் கொடுப்பது என்று முடிவானபோது, எந்த ரகம் என்று சோதித்துச் சொல்ல ஒரு குழு போட்டார்கள். அதில் ஒரே பெண் அவள்தான். கம்பெனிகள் அனுப்பிய துப்பாக்கிகளின் பெயரை மறைத்து, ஒன்றுக்குச் சிவப்பு நாடா, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை என்று ஒட்டிவிடுவார்கள். எது யாருடையது என்று சுடுகிறவருக்கும் தெரியாது, மதிப்பெண் போடுகிறவருக்கும் தெரியாது. சுடுதளத்தில் கண்டதை வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று எல்லாரிடமும் முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

முதல் சோதனைக்குத் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்களை மட்டும் அழைத்து வந்தார்கள். அவர்கள் கையில் எதைக் கொடுத்தாலும் குறி தப்பாது; அப்புறம் எதற்குச் சோதனை என்று ஷர்மினி கேட்டாள். நிஜமாக அதை மாட்டிக்கொண்டு அலையப்போகிற ஓட்டுநர்கள், மருத்துவப் படையினர், காவல் நிற்பவர்கள் வரட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அப்படி வந்தவள்தான் கோப்ரல் நூர் ஃபாத்திஹா, சுங்கை பாக்காப் ஊர்ப் பிள்ளை, ஆம்புலன்ஸில் வேலை. சின்னக் கை அவளுக்கு. மூன்று நாடாவிலும் பிடி தடிப்பாக இருந்ததால் விசைக்கு விரலை எட்டவைக்கவே அவள் கையைத் திருகிப் பிடிக்க வேண்டியிருந்தது. குண்டெல்லாம் இடப்பக்கம் ஓடியது. அவளுடைய குறையாகவே அதை எழுதிக்கொண்டார்கள். கையின் குறை இல்லை, பிடியின் குறை என்று ஷர்மினி ஒருத்திதான் வாதாடினாள். யாரும் மறுத்துப் பேசவில்லை; யாரும் எழுதிக்கொள்ளவும் இல்லை.

அந்த ஆற்றாமையோடுதான் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்.

பெற்றோர் போன பிறகும் குணாளன் வருஷா வருஷம் திறந்த இல்ல உபசரிப்பை விடவில்லை. வாசலில் கூடாரம் போட்டு, வருகிறவர்களை யார் எவர் என்று கேட்காமல் உட்காரவைத்துத் தட்டு கொடுப்பதுதான் அதன் அழகு. அன்றைக்குப் பலகாரம் தீர்ந்துபோய், ஷர்மினி அடுப்படியில் இன்னொரு ஈடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் கறுப்பு பாத்தேக் சட்டையில் ஒரு மனிதர், கையில் தட்டோடு, அடுப்படி வாசலில் தொங்கும் மணித்திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். சுப்பையா என்றார். குணாளன் மாக் மண்டினில் வேலைபார்க்கும் கம்பெனியின் முதலாளி. ஃபேக்டரிகளுக்குப் பாதுகாப்புக் காலணி, தீயணைப்புச் சாமான் கொடுக்கும் கம்பெனி என்று தம்பி சொல்லிக் கேட்டிருந்தாள். வெறுங்காலோடு நின்றார். கழற்றிய காலுறை சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. மரியாதை தெரிந்த மனிதர் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

ராணுவத்துக் காலணி பெண்களுக்குச் சரியாக இருக்கிறதா என்றுதான் பேச்சை ஆரம்பித்தார். காலணி விற்கிறவர் காலணியைப் பற்றிக் கேட்கிறார், அதில் என்ன? வேலை கஷ்டமில்லை அண்ணே, சாமான்தான் கஷ்டம், எல்லாமே ஆம்பளை அளவு என்றாள். பிறகு வாய் நிற்கவில்லை. பல வாரமாக யாரும் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார். பித்தளை முறுக்கு அச்சைத் தூக்கிக் கைக்குள் பிடித்துக் காட்டினாள்.

"பாருங்கண்ணே, சுத்தி வருதா என் வெரலு? வராது. நல்லா சுடுற துப்பாக்கிதான், ஆனா பிடி இப்பிடி. பின்னால இருக்கிற தகட்ட மட்டும் ஒரு நூல் கொறைச்சுட்டா, எந்தப் பிள்ளை கையிலயும் நிக்கும்."

அப்பா தச்சர். அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் நூல் என்பார். முகாமில் மில்லிமீட்டரில் பேசுகிற மேஜர் இந்த வீட்டுக்குள் வந்தால் நூலுக்குத் திரும்பிவிடுவாள். சுப்பையா கேட்டுக்கொண்டார், முறுக்கு நன்றாக இருக்கிறது என்றார், போய்விட்டார்.

போன புதன்கிழமை இரண்டாம் சோதனை. நீல நாடாத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததுமே ஷர்மினிக்குத் தெரிந்துவிட்டது. அளவுகோல் தேவைப்படவில்லை. பின்தகடு ஒரு நூல் மெலிந்திருந்தது. நூர் ஃபாத்திஹா சுட்டாள். குண்டுகள் நடுவில் போய்க் கூட்டமாக விழுந்தன. அவள் காதடைப்பைக் கழற்றிவிட்டு, "புவான், இது என் கைக்கே செஞ்ச மாதிரி இருக்கு புவான்," என்று மேலதிகாரிக்குரிய மரியாதையோடு சொன்னபோது ஷர்மினி அவளைவிட அதிகமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு திரும்பியபோதுதான், பெட்டி திறக்க வந்த கம்பெனி ஆட்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்பதைக் கண்டாள். அதில் கழுத்துப்பட்டியோடு சுப்பையா; காலணி விற்கிறவர் துப்பாக்கிக்கும் ஏஜெண்டு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வலது முஷ்டியை மெல்லச் சுற்றினார், முறுக்கு அச்சின் தலையைத் திருகுவதுபோல. ஒரு தடவைதான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நாளைக்குக் குழு கூடுகிறது. நீலத்துக்கே அதிக மதிப்பெண். அறிக்கையில் எல்லாரும் கையெழுத்திட்டால் முடிந்தது. அதற்குள் குழுத் தலைவரான கர்னலைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லிவிடப்போவதாக ஷர்மினி சொன்னாள். அங்கே பிடித்தது இந்தச் சண்டை.

குணாளன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவனுக்கு பாயான் பாரு ஃபேக்டரியில் வேலை போய், வீட்டில் சும்மா இருந்து, முகம் கறுத்துப்போய்த்தான் இந்த வேலை கிடைத்தது. அக்காள் வாயைத் திறந்தால் கம்பெனிக்கு வாய்ப்பு போகும், அவனுக்கு வேலை போகும். அதைக்கூட அவன் முதலில் சொல்லவில்லை. அவன் முதலில் சொன்னது வேறு.

"நல்ல பிஸ்டல் எது, நீயே சொல்லு. நீலம். அதுதானே ஜெயிக்குது? இதுல யாரு ஏமாந்தா? நீ போயி சொல்லிட்டா நீலத்தத் தூக்கிருவாங்க, உன்னையும் தூக்கிருவாங்க. அப்புறம் அந்தத் தடிப் பிடிதான் வரும். அந்த ஆம்புலன்ஸ் பிள்ள அதத்தான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் மாட்டிக்கிட்டு நடக்கணும். அந்தக் குழுவுல அதுக்காகப் பேச வேற யாரு இருக்கா?"

புதன்கிழமையிலிருந்து ஷர்மினி தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்ததும் இதே பேச்சுதான், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். அதைத் தம்பி வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று தெரிந்தது. வழவழப்பான பேச்சு கையில் நிற்பதில்லை.

குணாளனின் மனைவி அதிரா கோப்பைகளில் பால் தே கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தள்ளினாள்.

"சாப்ட்டுட்டுச் சண்டை போடுங்க. துப்பாக்கி ஆறாது, ரொட்டி ஆறிப்போயிரும்."

இருவரும் ஆளுக்கொரு துண்டு பிய்த்தார்கள்.

"சிவப்பு, பச்சை ரெண்டும் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது," என்றாள் ஷர்மினி. குரல் தணிந்திருந்தது. "அவங்களும் ஒரு நூல் கொறைச்சிருப்பாங்கடா, சொல்லியிருந்தா. சொல்லலியே. அவங்களுக்கு நம்ம அடுப்படிக்கு வழி தெரியாது. அப்ப நான் மார்க்கு போட்டது துப்பாக்கிக்கா, நம்ம அடுப்படிக்கா?"

குணாளன் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் எழுந்து கைகழுவிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். கைப்பேசியில் அவள் மலாயில் பேசுவது மேசைவரை கேட்டது. முதலில் சரளமாக, பிறகு நிறுத்தி நிறுத்தி. துவான், துவான் என்று ஐயா போடுவது மட்டும் தெளிவாக வந்தது. கர்னல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நாளைக்கு அவள் வர வேண்டாம் என்றார். நீலத்தை விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைப்போம் என்றார். பிடியின் அளவை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் முறைப்படி சொல்லி மறுபடி ஒரு சோதனை வைக்க முடியுமா என்று கேட்டாள். அதைக் குழுவில் வைக்கிறேன், அதற்குமேல் நான் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்: நடந்ததை முழுதாக எழுதி இன்றைக்கே அனுப்பு. என்ன பேசினாய் என்பது மட்டும் போதாது. அந்த ஆள் உன் பக்கத்தில் வந்து நிற்க எப்படி முடிந்தது, அதையும் எழுது.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தே ஆடை கட்டியிருந்தது. சொல்லிவிட்டாயா என்று குணாளன் கேட்கவில்லை. அவள் முகத்திலேயே இருந்தது. முதலாளிக்கு இன்றைக்கே தெரிந்துவிடுமா என்று மட்டும் அதிராவைப் பார்த்துக் கேட்டான், அவளுக்கு என்னவோ தெரியும் என்பதுபோல. பிறகு, அக்காள் எழுதும்போது கம்பெனியை ரொம்ப மோசமாக எழுதிவிட வேண்டாம் என்றான்.

"அவரு ஒன்னும் திட்டம் போட்டு வரலக்கா. கை கழுவ எடம் தேடி வந்திருப்பாரு. நீ கண்ணுல பட்டுட்ட, பேசிட்டாரு. அவ்வளவுதான்."

"கை கழுவவா?" என்றாள் அதிரா. கணவனை மாட்டிவிடுகிற எண்ணம் அவளுக்கு இல்லை. நினைவில் இருந்ததைச் சொன்னாள். "கூடாரத்துலயே பைப்பு இருந்துச்சே. அங்கதான் கழுவுனாரு. நான்தான் தொடைக்கத் துணி குடுத்தேன். மறுபடி உக்காந்து பாயசம்கூட கேட்டாரு."

"சரி, டாய்லெட் தேடியிருப்பாரு," என்றான் குணாளன். "எனக்கென்னா தெரியும்."

ஷர்மினி மணித்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போட்ட திரை. சாமி மேடை அடுப்படிச் சுவரில் இருப்பதால் அந்தத் திரையைத் தாண்டிக் காலுறைகூட ஆகாது என்பது அம்மா வைத்த சட்டம். எங்கும் எழுதி ஒட்டியதில்லை. விருந்தாளிகளுக்கு அது தெரியாது, ஏனென்றால் விருந்தாளிகள் யாரும் திரையைத் தாண்டுவதில்லை. அதிராவுக்கே கல்யாணமாகி வந்த முதல் நாள் குணாளன்தான் காதோடு சொல்லி, காலுறையைக் கழற்ற வைத்தான். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

கறுப்பு பாத்தேக் சட்டை. பையிலிருந்து எட்டிப் பார்த்த காலுறை. ஈரச் சிமெண்டில் வெறும் பாதங்கள்.

அவள் தே கோப்பையைத் தள்ளிவைத்தாள். தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தாள். அவன் ரொட்டியின் கடைசித் துண்டைத் தட்டில் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"நான் எழுதணும் குணா, அதான் கேக்குறேன். அவர காலுறையக் கழட்டச் சொன்னது யாரு?"