இருட்டறைத் தொட்டிக்கு ஒரு பசுந்தரை

அந்த அறையில் அத்தான் வாய் திறக்கும் முன் வேறு யாரும் ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். அப்படி எங்கும் எழுதி ஒட்டவில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. திரைப்படக் காட்சிகளுக்கு நிறம் சீர்செய்யும் அறை அது. ஒருவர் மஞ்சள் என்று சொல்லிவிட்டால், மற்றவர்களின் கண் எதிரில் உள்ளதை விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஆகவே முதல் சொல் நிறம் சீர்செய்யும் அத்தானுடையது. பெரிய இயக்குநர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

அவரை அத்தான் என்று அழைக்கும் உரிமை அங்கே ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் அவருடைய மனைவியின் தங்கை, அவருடைய உதவியாளரும்கூட. அவள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, முதுகுக்குப் பின்னால் மற்றவர்களுக்கும் அவர் அத்தானாகிவிட்டார்.

திரையின் நிறம் பிசகாமல் தெரிவதற்காகச் சுவர் சாம்பல், நாற்காலி சாம்பல், பெரிய திரைக்குப் பின்னால் நாள் முழுக்க எரியும் ஒரு மங்கல் விளக்கு. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கண் இளைப்பாற ஒரு மீன்தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டவர், அதற்குத் தனி விளக்கு கூடாது என்றும் சேர்த்தே சொல்லியிருந்தார். தொட்டி வந்தது. அடியில் வெறும் மணலைப் பார்த்தால் மொட்டைத் தலையைப் பார்ப்பதுபோல் இருக்கிறது, தரை முழுக்கச் செடி படரட்டும் என்றார். பொறுப்பு மச்சினியின் தலையில் விழுந்தது.

மீன்கடையில் அவள் மனம் போனது கம்பளம்போல் படரும் சன்னப் புல்லின் மேல்தான். அறையில் வெளிச்சம் எப்படி என்று கடைக்காரர் விசாரித்தார். பேனா கீழே விழுந்தால் துழாவித்தான் எடுக்க வேண்டும் என்றாள்.

“அப்ப உங்களுக்குச் செடி எதுக்கும்மா, ஒரு டப்பா பச்சைப் பெயின்ட் போதுமே” என்றார்.

அவள் சிரித்தாளே தவிர நகரவில்லை. அந்தப் புல்லுக்கு ஏன் அத்தனை வெளிச்சம், மற்றதற்கு ஏன் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்காரருக்கும் உற்சாகம் பிறந்தது. இருட்டில் வைத்தால் அந்தப் புல் படராது, வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே நீண்டு, கடைசியில் அழுகும் என்றார். அவளுக்கு வேண்டியது அவசரப்படாத செடி. கல்லோடு கட்டிப் போட்டால் அங்கேயே கிடக்கும் ஜாவா பாசி ஒன்று. மரநிழல் மூடிய ஓடைகளில் வளரும் கிரிப்டோகோரைன் இன்னொன்று. அதில் குட்டை ரகம் தரைக்குப் பொருந்தும். ஆனால் இடம் மாற்றியதும் இலையெல்லாம் கரைந்துபோகும்.

“செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. கோவிச்சுக்கிட்டு இருக்கும். தானா சமாதானமாகித் துளிர்க்கும்.”

“எங்க அத்தான் மாதிரியேதான்” என்றாள்.

குட்டை ரகத்தில் பச்சை ஒன்றும் செம்பழுப்பு ஒன்றுமாக இரண்டு வகை வாங்கினாள். பழுப்பு முன்னால், பச்சை பின்னால் என்று நட்டால் தரைக்கு ஓர் ஆழம் கிடைக்கும் என்பது அவள் கணக்கு. அறையின் வழக்கப்படி, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தாமே நட்டார். முடித்தபோது பச்சையும் பழுப்பும் கலந்துகட்டிக் கிடந்தன. வேண்டுமென்றே செய்த அழகு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கையில் அவர் கேட்டார்:

“ரெண்டு வகை வாங்கினேன்னு சொன்னியே, இன்னொண்ணு எங்கே?”

அவளுக்குப் பயத்தைவிட ஆர்வம்தான் முந்திக்கொண்டது. கடையிலேயே விட்டுப்போய்விட்டது என்று சமாளித்துவிட்டு, மிஞ்சியிருந்த இரண்டு செடிகளை மறுநாள் அவர் தேநீர் குடிக்கும் பால்கனிச் சுவரில் வைத்தாள். பகல் வெளிச்சத்தில் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழுப்பு இலையை விரலால் தட்டி, இந்தச் செம்பு நிறம் அருமை, இதை ஏன் நேற்றே கொண்டுவரவில்லை என்று கடிந்துகொண்டார். பிற்பகலில், எந்தச் செடிகள் என்று சொல்லாமல், அவற்றையே அறைக்குள் கொண்டுபோய்க் காட்டினாள். இரண்டும் ஒன்றே என்றார்.

திறமை எங்கும் போய்விடவில்லை. கண்தான் கூடுதல் வெளிச்சம் கேட்க ஆரம்பித்திருக்கிறது. வெளிச்சம் கூடாத அறையில் அவருக்கு வேலை. வீட்டு விளக்குகளெல்லாம் மங்கிவிட்டன என்று அவர் மாற்றிக்கொண்டே இருப்பதாக அக்கா சலித்துக்கொண்டது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அன்று மாலை காரில் மெதுவாகக் கண் மருத்துவர் பேச்சை எடுத்தாள். “யாருக்கு, என் கண்ணுக்கா?” என்று சிரித்துவிட்டு வானொலியைத் திருகினார்.

அடுத்த நாள் இயக்குநர் வந்தார். கடைசிப் பகுதிக்கு ஒப்புதல் வாங்கிப் படத்தை அனுப்பிவிட வேண்டும். அடர்ந்த காட்டில், அந்தி நிழலில் நடக்கும் காட்சி. திரையில் இலைகள் குளிர்ந்து, விறைத்து நின்றன. இயக்குநர் நாற்காலியில் நெளிந்தார். ஆனாலும் வழக்கப்படி அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் யோசித்தாள். இயக்குநர் முன்னால் சொன்னால் செய்தி மாலைக்குள் தொழில் முழுக்கப் பரவும். அத்தானின் பெயர் போகும். சொல்லாவிட்டால் இந்தக் காடு அவர் பெயரோடு ஊரெல்லாம் ஓடும். அடுத்த படமும் இப்படியே போகும். கண்ணை அவர் மருத்துவரிடம் காட்டவே மாட்டார். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. அவர் பச்சை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், இயக்குநருக்கு மட்டுமல்ல, அவள் கண்ணுக்கும் அது பச்சையாகிவிடும்.

அத்தான் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கடைசியாக ஒருமுறை திருகிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“அத்தான், கொஞ்சம் இருங்க” என்றாள் அவள். “இந்த இலையெல்லாம் நீலமா இருக்கு.”