ஊதாப் பட்டைகள்

குதிரை ஈ செத்ததும் முதலில் போவது கண்ணின் நிறம். உயிரோடு இருக்கும்போது பச்சைக் கண்ணில் ஊதாப் பட்டைகள் ஓடும். காய்ந்துவிட்டால் எல்லாம் ஒரே பழுப்பு. ஈரப் பஞ்சு வைத்த டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் பட்டைகள் திரும்பி வரும். பூச்சிகளை வகை பிரித்துப் பெயர் சொல்லும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் வரவழைத்துப் பார்த்துவருகிறாள்.

இந்த முறை வரவில்லை.

ஆற்றோரப் பண்ணையில் மாடுகளை நிற்கவிடாமல் கடிக்கிறது, என்ன வகை என்று சொல்லுங்கள் எனக் கேட்டு மாட்டு டாக்டர் நான்கு ஈக்களை அனுப்பியிருந்தார். மூன்றை இறக்கையே காட்டிக் கொடுத்தது. இரண்டின் இறக்கைகளில் சாம்பலைத் தெளித்தது போன்ற கோலம். இன்னொன்றில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. நான்காவதன் இறக்கை வெறும் கண்ணாடி. அப்படிப்பட்டதைப் பிரித்தறியக் கண்தான் கதி. இரண்டு கண்களுக்கும் நடுவே இடைவெளி இருந்ததால் பெண் என்பது வரை தெரிந்தது. கடிப்பது பெண் மட்டும்தான்.

"ஆம்பளை ஈயைப் பாருங்க அக்கா, ரெண்டு கண்ணும் ஒட்டிக்கிட்டு தலை முழுக்கக் கண்ணு" என்றாள் எதிர் மேசைக்காரி. பூச்சி பிடிக்க வெளியே போகிறவள். எல்லோருக்கும் அவள் 'வலை'. "அவ்வளவு பெரிய கண்ணை வச்சுக்கிட்டு பூவைச் சுத்திக்கிட்டுத் திரியுது."

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே. தலை முழுக்கக் கண்ணு. நெத்தியில ஏத்திவிட்ட மூக்குக் கண்ணாடியை மட்டும் வீடு பூரா தேடும்."

வலை சிரித்தாள். அவளும் சிரித்தாள். ஆனால் மனம் டப்பாவுக்குள் இருந்தது.

மறுநாளும் பழுப்புதான். மாட்டு டாக்டர் எதிலோ ஊறப் போட்டு நிறத்தைக் கெடுத்திருப்பார் என்று நினைத்தாள். பிறகு விளக்கின் மேல் சந்தேகம் வந்தது; பல்பை மாற்றினாள். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிகளைத் துடைத்தாள். பஞ்சில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு டப்பாவை மூடினாள்.

போன மாதம் கணவருக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போனாள். "கத்திரிப்பூ கலர்ல இதுவரைக்கும் நான் சட்டை போட்டதில்லையே" என்றார் அவர். அவள் எடுத்தது சாம்பல் நிறம். கடைக்காரன் மாற்றிக் கட்டிவிட்டான் என்று அவனைத் திட்டினாள். அது இப்போது ஏன் நினைவுக்கு வருகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் வேறு டப்பாவைத் திறந்தாள்.

நான்காம் நாள் வலைதான் முந்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, ஈக்கு நரைச்சிருச்சா?"

கால்களில் வெள்ளைப் பூஞ்சை. அதிக நாள் ஈரத்தில் வைத்தால் வரும் என்று புதிதாக வருகிறவர்களிடம் அவளே எச்சரிப்பாள். வலை ஈயை மெதுவாக எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

"நல்லவேளை, கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அடேயப்பா, மூணு பட்டை, என்ன ஊதா! இவ்வளவு பளிச்சுனு வந்த அப்புறமும் எதுக்கு உள்ள வச்சிருந்தீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். பழுப்பில் கொஞ்சம் அடர்ந்த பழுப்பு. பல்பைக் குறை சொல்லியாயிற்று, டாக்டரைச் சொல்லியாயிற்று. இனிமேல் சொல்ல யாரும் இல்லை.

வகை பிடிபட்டுவிட்டது. ஈயைக் குத்தி வைக்கும் ஊசியிலேயே, அதன் அடியில் குத்தும் சிறு சீட்டில் வகையின் பெயர், அதன் கீழே பார்த்தவரின் பெயர். அதுதான் அங்கே வழக்கம். வகையை எழுதினாள். அடுத்த வரியில் தன் பெயரை எழுதிவிட்டால் போதும். வலை எதையும் கவனிக்கவில்லை, மேசைக்குப் போய் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எழுதிவிட்டால் ஜன்னலோரத்து இந்த மேசையும் தன்னிடமே இருக்கும். தான் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சும் இருக்கும். வீட்டிலும் தெருவிலும் அவள் சொல்லை யாரும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை. பேனா காகிதத்தைத் தொட்டபடியே நின்றது.

வலையின் பெயரை எழுதினாள்.

மை காயுமுன் வலை பார்த்துவிட்டாள். "எதுக்கு என் பேரு?"

"நீதானே பார்த்தே."

"நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். தெரியலடி. எல்லாம் பழுப்பாத்தான் இருக்கு."

வலை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா?"

"அதுதான் தெரியல."

"சரி. இந்த வருஷம் பார்த்த வெறும் இறக்கைக்காரிங்களை எல்லாம் எடுங்க. நான் கண்ணைப் பார்த்துச் சொல்றேன், நீங்க வகையைச் சொல்லுங்க. நாளைக்குக் கண் டாக்டர். வரமாட்டேன்னா வலையைப் போட்டுப் பிடிச்சுக்கிட்டுப் போவேன்."

பட்டையே இல்லாத வகை என்று அவள் எழுதியவற்றில் ஐந்துக்குப் பட்டை இருந்தது. தவறான சீட்டைக் கழற்றும் வழக்கம் அங்கே இல்லை. அதன் அடியில் திருத்திய சீட்டைக் குத்துவார்கள். தவறும் எழுதியவர் பெயரும் ஊசி இருக்கும்வரை இருக்கும். திருத்திய சீட்டுகள் ஐந்தையும் வலை எழுத வந்தாள். அவள் கொடுக்கவில்லை. வலையின் பெயரைப் போட்டுத் தன் கையாலேயே எழுதினாள். மூன்றாவது சீட்டை எழுதும்போது, பயந்த அளவுக்கு வலிக்கவில்லை என்று தோன்றியது.

இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். வலக்கண்ணுக்கு முதலில் அறுவை.

கட்டுப் பிரித்து, மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு வேலைக்கு வந்தாள். பூஞ்சை பிடித்த ஈயை மறுபடி ஈரத்தில் வைத்து வலை எடுத்து வைத்திருந்தாள். "ஒரு ராத்திரிதான் வச்சேன்" என்றாள் அழுத்தி.

அவள் இடக்கண்ணால் பார்த்தாள். பழுப்பு. அதை மூடிக்கொண்டு வலக்கண்ணைத் திறந்தாள்.

"என்னக்கா, தெரியுதா?"

அவள் இடக்கண்ணுக்கு மாறினாள், திரும்ப வலக்கண்ணுக்கு வந்தாள். பின்பு கையை நீட்டி, "மூணு பட்டைதான். ஒரு சீட்டு எடு. உன் பேருக்கு அடியில என் பேரையும் குத்தணும்" என்றாள்.