டெல்மிக்குச் சுட்ட டாக்கோ

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நாட்டில் மனிதன் எப்படிச் சமைத்துச் சாப்பிடுவது? இரண்டு பத்துக்கு, சில்க்போர்க் என்ற டெனிஷ் ஊரில் பூட்டிய கடைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நிக்கலஸ் பல்லைக் கடித்தான். உள்ளே மாப் பைகள் அடுக்கடுக்காக இருந்தன. தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் அவனைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். மரியாதையாகச் சிரிக்கவும் செய்தாள்.

"அலுமாரியில் மா இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனவன் ஹெர்னான். எல் சல்வடோர்க்காரன், நிக்கலஸோடு ஒரே வீட்டில் இருப்பவன், ஒரே தொழிற்சாலையில் வேலை செய்பவன். முதல்நாள் இரவு ரயிலில் கொப்பன்ஹேகன் விமான நிலையத்துக்குப் போயிருந்தான். மனைவி டெல்மி வருகிறாள். இன்று பின்னேரம் ஐந்து மணிக்கு இருவரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் அவள் தன் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டுமாம். "டாக்கோ லேசு. ரொட்டியில் இறைச்சியைச் சுருட்டினால் சரி, அரை மணி நேரம் போதும்" என்று உடைந்த டெனிஷில் சொல்லி, செய்முறையை ஒரு தாளில் எழுதி நிக்கலஸின் கையில் திணித்துவிட்டுப் போனான். அலுமாரியில் இருந்த மா ஒரு கரண்டிக்குக் கூடக் காணாது.

இன்னொருவன் மனைவிக்கு விருந்து சமைப்பதில் நிக்கலஸுக்குச் சந்தோசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்கு வயிறு எரிந்தது. அவனுடைய மேரிசெலின் இன்னும் மன்னாரில், பேசாலையில் இருக்கிறாள். அவளைக் கூப்பிட அவன் போன வருசம் டிசம்பரிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட்டான். இப்போது 1988 ஒக்டோபர். விண்ணப்பம் கொடுத்த பொலிஸ் நிலையத்தில் போய்க் கேட்டால் "பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். அடுத்த மாதம் போனாலும் அதே பரிசீலனைதான். ஹெர்னான் கொடுத்தது மே மாதம். ஐந்தே மாதத்தில் அவனுடைய மனைவி விமானம் ஏறிவிட்டாள்.

"நீ ஏதோ பிழையா நிரப்பியிருக்கிறாய்" என்று கீழ்வீட்டுக் குருசுமுத்து அண்ணை காணும்போதெல்லாம் சொல்வார். "போன வருசத் தொடக்கத்தில எங்கட மாக்கிரட்டுக்கு மூண்டு மாசத்தில விசா கிடைச்சது. உனக்கு மட்டும் ஏன் இழுக்குது?" அதைக் கேட்டுக் கேட்டு நிக்கலஸுக்கும் அப்படித்தான் பட்டது. விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்தி இன்னும் இரண்டு தரம் அனுப்பிவிட்டான். ஒரு தரம் பிறந்த திகதியில் பிழையோ என்று பார்த்தான், இன்னொரு தரம் கையெழுத்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டதோ என்று பார்த்தான்.

வியாழக்கிழமை மேரிசெலினின் கடிதம் வந்திருந்தது. "அங்க உங்களுக்கு வேற ஆரும் இருக்கினமோ எண்டு அண்ணன் கேக்கிறார். நான் அப்பிடி நினைக்கேல்லை. ஆனா நீங்கள் உண்மையாத்தான் என்னைக் கூப்பிட எழுதிக் குடுத்தனீங்களோ?" அந்தக் கடைசி வரியை அவன் வேலை செய்யும்போதும் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தான். எத்தனை தரம் வாசித்தாலும் அது சுட்டது.

கடைசியில் குருசுமுத்து அண்ணையின் கதவைத் தட்டினான். "அண்ணை, கொஞ்சம் மா தாங்கோ." அவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல் ஒரு தகரப் பேணியைக் காட்டினார். "எடுத்துக்கொண்டு போ. பேணியைத் திருப்பிக் கொண்டுவா."

இறைச்சி வேலை சுலபமாக முடிந்தது. அரைத்த மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளியோடு வதக்கி, அவித்த உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போட்டான். மிளகாய்த்தூள் போடத் துடித்த கையை அடக்கிக்கொண்டான். கோவாவை இலை இலையாகப் பிரித்து மெல்லிசாக அரிந்து, புளிக்க வினாகிரியில் ஊறவிட்டான். ரொட்டிதான் மிச்சம். அவர்கள் ஊரில் சோள மாவில் செய்வார்களாம்; அது இங்கே கிடைக்காததால் ஹெர்னான் கோதுமை மாவுக்கு மாறியிருந்தான். மா, உப்பு, எண்ணெய், சுடுதண்ணீர். குழைத்து, தட்டி, சுட்டு, இறைச்சியை வைத்துச் சுருட்டு. தாளில் அவ்வளவுதான்.

முதல் உருண்டையைப் போத்தலால் உருட்டியதும் ஓரமெல்லாம் வெடித்தது. தண்ணீர் காணாது என்று நினைத்துத் தண்ணீர் விட்டான். களியாகிக் கையோடு ஒட்டியது. மாவைக் கூட்டினான். வட்டம் வந்தது, தாச்சியில் போட்டதும் விரிந்து பிளந்தது. சுட்டெடுத்த ஒன்றில் இறைச்சியை வைத்துச் சுருட்டப் பார்த்தால் மூன்றாக உடைந்து மேசையில் விழுந்தது. தாளை எடுத்து எழுத்தெழுத்தாக வாசித்தான். எல்லாம் சொன்னபடிதான் செய்திருந்தான். இன்னொரு தரம் முதலில் இருந்து குழைத்தான். அதுவும் உடைந்தது.

"சனியன்!" என்று தாச்சியைப் பார்த்துக் கத்தினான். பேசாலையில் இருந்தவரைக்கும் அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன் அவன். ஒரு விண்ணப்பம் ஒழுங்காக நிரப்பத் தெரியாத கைக்கு ஒரு ரொட்டி சுட மட்டும் எங்கே தெரியப்போகிறது என்று தன்னையே திட்டினான். கண் கலங்கியது. வெங்காயம் அரிந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. ஹெர்னானின் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண், பெரிய கோட்டுக்குள் முகம் மட்டும் தெரிய, உள்ளே வந்தாள். மேசையில் ஒரு தட்டு நிறைய உடைந்த ரொட்டி. நிக்கலஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

டெல்மி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். பேணியில் இருந்த மாவை விரலால் தேய்த்து மணந்தாள். ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். ஹெர்னான் டெனிஷில் சொன்னான்: "இந்த மா ஏற்கெனவே வெந்த மா என்கிறாள்."

அந்த நேரம் பார்த்துப் பேணியைக் கேட்டுக்கொண்டு குருசுமுத்து அண்ணை வந்து நின்றார். தட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா, அது அவிச்ச மாவெல்லோ! பிட்டுக்கெண்டு அவிச்சு அரிச்சு வைச்சனான். அதில ரொட்டி சுடேலுமே?"

"தரேக்க ஏன் சொல்லேல்லை?"

"நீ என்னத்துக்கெண்டு சொன்னனியோ? மா கேட்டாய், தந்தன்."

"அப்ப நான் குழைச்சதில பிழை இல்லை?"

"நீ விடிய விடியக் குழைச்சாலும் அது வராது."

கையில் பிழை இல்லையென்றால் விண்ணப்பத்தில் மட்டும் பிழை இருக்குமா என்று நிக்கலஸ் நினைத்தான். பிறகு ஹெர்னானிடம் திரும்பினான். "மே மாதம் உன் விண்ணப்பத்தை யார் எழுதியது?"

"நீதான். எனக்கு டெனிஷ் எழுத வராதே."

ஆம், அவன்தான். இதே மேசையில், தான் டிசம்பரில் கொடுத்த விண்ணப்பத்தின் படியைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தான். பொறாமையில் அது அவனுக்கு நினைவே வரவில்லை. ஓடிப்போய்த் தன்னுடைய படியைக் கொண்டுவந்தான். ஹெர்னான் தன்னுடையதை எடுத்துத் தந்தான். இரண்டையும் மேசையில் போட்டு விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தான். பெயர்களும் ஊர்களும் திகதிகளும்தான் வேறு. மற்றதெல்லாம் ஒன்று.

"அண்ணை, இதில பிழையைக் காட்டுங்கோ."

குருசுமுத்து அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "பிழை இல்லைத்தான்" என்றார் மெதுவாக.

"கோல்டிங்கில தவராஜா அண்ணைக்கும் விசா வரேல்லை. ஹ்விடோவ்ரேயில ஜோன்சனுக்கும் வரேல்லை. தமிழன் எல்லாரும் பிழையாவோ நிரப்பினவங்கள்? ஆரோ மேலிடத்தில எங்கட விண்ணப்பங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், அண்ணை! நான் என்னடா எண்டால் பத்து மாசமா என்ர கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறன்!" மேசையில் ஓங்கி அறைந்தான். ரொட்டித் துண்டுகள் துள்ளின. டெல்மி பயந்து போனாள்.

அவன் கத்தியது அவள்மேல் இல்லை என்று ஹெர்னான் அவளுக்கு ஸ்பானிஷில் சொன்னான். அவள் மேசைக்கு வந்து, உடைந்த ரொட்டியின் மேல் இறைச்சியையும் கோவாவையும் அள்ளிப் போட்டு, தட்டுகளில் பிரித்து, கரண்டியை வைத்து, முதல் தட்டை நிக்கலஸிடம் நீட்டினாள். குருசுமுத்து அண்ணையும் ஒரு வாய் சாப்பிட்டார். "கொத்து ரொட்டி மாதிரித்தான் கிடக்குது. கொஞ்சம் தூள் போட்டிருக்கலாம்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் நிக்கலஸ் ஹெர்னானிடம் கேட்டான். "உன் விண்ணப்பத்தின் படியை எனக்குத் தருவாயா?"

"வைத்துக்கொள். எனக்கு இனி எதற்கு? அவள்தான் வந்துவிட்டாளே."

மேரிசெலினுக்கு டெனிஷ் தெரியாது. புருசனின் எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். நிக்கலஸ் அவளுக்கு அனுப்ப இரண்டு படிகளையும் ஒன்றாக வைத்து, மேலே இருந்ததன் ஓரத்தில் எழுதினான்: "ரெண்டும் நான் எழுதினதுதான், நல்லாப் பாரும். உமக்கு எழுதினது டிசம்பரில. மற்றது என்னோட இருக்கிற ஹெர்னான்ர மனிசிக்கு, மே மாசம். அந்தப் பிள்ளை இண்டைக்கு வந்திட்டா. நான்தான் சமைச்சுக் குடுத்தனான்."