பிளாஸ்டர் ஒட்டிய அலாரம்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. மருத்துவமனைக் கருவிகள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று எளிமையாக எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். எனக்கோ பல்பு மாட்டவே இன்னொரு ஆள் வேண்டும். மாமாவிடம் போனேன். மாமா என்றால் அக்காவின் கணவர். மருத்துவமனையில் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளர். அக்கா அங்கேயே நர்ஸ்.

பேட்டரியை அவ்வப்போது சோதிக்க வேண்டும், வடிகட்டியில் தூசி சேரவிடக் கூடாது என்று மாமா சொல்லிக்கொண்டே வந்தார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா குழாயை மூடினாள். "அந்தத் தையல்காரர் விஷயத்தைச் சொல்லுங்க."

மாமாவின் முகம் மாறியது. கட்டுரை அங்கேயே செத்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மரணம் ஒரு பிளக்கின் உருவில் சுவரிலிருந்து நழுவி…'

அக்கா படித்துவிட்டு, "யாரு செத்தா? எதுக்கு இந்த பில்டப்பு?" என்றாள்.

அடித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

3

தையல்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் இயந்திரம்தான் மூச்சுத் துணை. மனைவி கூடவே இருந்தார். அன்று காலை தரை துடைக்கக் கட்டிலை நகர்த்தியபோது பிளக் கழன்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. இயந்திரம் பேட்டரிக்கு மாறியது. (மாறினால் கத்தும். அலாரம் இருப்பதே அதற்குத்தான்.) மனைவி மருந்து வாங்கப் போன நேரத்தில் பேட்டரியும் தீர்ந்தது.

மறுகோடியில் ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டுத் திரும்பிய அக்கா, தையல்காரரின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தாள். இயந்திரத்தின் திரை இருண்டிருந்தது. முகமூடியைப் பிடுங்கி எறிந்தாள். கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பையை அவர் முகத்தில் வைத்து அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஓடி வந்தார். வேறு இயந்திரம் வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. பிழைத்துக்கொண்டார்.

செய்தி கேட்டு மாமா வார்டுக்கு வந்தார். "நான் வார்டுக்குள்ளதாங்க நின்னேன். அது கத்தவே இல்ல" என்று மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அன்றிலிருந்து அக்கா ஒருபோதும்—

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. கிடக்கட்டும்.)

4

மாமா நின்றுபோன அந்த இயந்திரத்தின் பிளக்கைச் செருகினார், ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் பிடுங்கினார். திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. சத்தம் மட்டும் கொசு முனகுவதுபோல. இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒலி வரும் துளைகள்மேல் அடுக்கடுக்காக வெள்ளைப் பிளாஸ்டர்.

தையல்காரரின் மனைவி ஒளிக்கவில்லை. அது சும்மா சும்மா கத்துகிறது, அவர் கண்ணசந்தாலே திடுக்கிட்டு விழிக்கிறார், அதனால் தானே ஒட்டியதாகச் சொன்னார்.

[இங்கே அந்த அம்மாவைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். பிறகு அப்பாவியாக்கிப் பார்த்தேன். இரண்டுமே ஒட்டவில்லை.]

மாமா கோபத்தை விழுங்கிக்கொண்டு, இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அந்த அம்மா குழம்பிப்போய்ப் பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"அதுல ஒட்டியிருந்துச்சே. இங்க இப்படித்தான் செய்வாங்கன்னு நெனச்சேன்."

5

பக்கத்துக் கட்டில் இயந்திரத்திலிருந்த பிளாஸ்டர் பழையது. ஓரம் கறுத்திருந்தது. கத்தரியால் அளவாக வெட்டப்பட்டிருந்தது. அந்தக் கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க வர ஆளே கிடையாது. மாமா வார்டு முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தார். இன்னும் ஒன்றிலும் இருந்தது.

அக்காவிடம் கேட்டேன், யார் ஒட்டியது என்று.

"யாருன்னு தெரியலடா. ஆனா இந்த வார்டு எவ்வளவு அமைதியா இருக்குன்னு நாங்க எல்லாருமே சொல்லிக்கிட்டிருந்தோம்."

6

பிளாஸ்டர்களை உரித்தார்கள். தையல்காரரின் இயந்திரம் ஏன் ஓயாமல் கத்துகிறது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மாமா கேட்டார். முகமூடி பெரிது, ஓரத்தில் காற்று ஒழுகியது. சரியான அளவில் மாட்டியதும் பாதிச் சத்தம் நின்றது. இப்போது நர்சுகள் வேலை மாறும்போதெல்லாம் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள், அலாரத்தைக் காதால் கேட்கிறார்கள்.

தையல்காரர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவர் மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், இங்க இருந்ததப் பாத்துத்தானே நானும் செஞ்சேன்? அவருக்கு அப்படி ஆனதுக்கு நானா காரணம்?"

'இல்லம்மா' என்று ஒரு முடிவு எழுதினேன், பொய்யாக இருந்தது. 'ஆமாம்மா' என்று மாற்றினேன். அது அதைவிடப் பெரிய பொய். அக்கா உண்மையில் சொன்னதை எழுத அவள் விடவில்லை.

அந்த அம்மா இன்னும் கையை விடவில்லை. இப்போது அக்காவின் இடத்தில், நர்ஸ் உடையில் நிற்பது நீங்கள்தான். சொல்லுங்கள்.