அந்தோனியாருக்கு நேர்ந்த பாண்

இங்கே மதியச் சோற்று நேரத்தில்தான் அங்கே விடியும். இரத்தோட்டையில் நான் வேலை செய்யும் கிராம்பு ஸ்டோரில் மற்றப் பெண்கள் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது, நான் போனை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்காருவேன். முதலில் திரையில் சாம்பல் நிறம் மட்டும்தான். பிறகு மரங்கள் தெரியும், மரங்களுக்கு அடியில் பனி, பனிக்கு நடுவே ஒரு வைக்கோல் குவியல். அதைத் தின்னக் காட்டெருதுகள் வரும். சிந்தியதைப் பொறுக்கப் பறவைகள் வரும். உலகம் முழுக்க வேலைவெட்டி இல்லாத சனங்கள் அந்த நேரலையைப் பார்த்துச் சிவப்பு இதயம் இதயமாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

நான் மிருகம் பார்க்கப் போகவில்லை. என் புருஷனைத் தேடிப் போனேன்.

ரஜீவ் த்ரீவீல் ஓட்டியவர். ரிவர்ஸ்டன் மலைக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப் போய், மரை மான் நிற்கும் சரிவையும் கழுகு சுற்றும் பாறையையும் காட்டிக் கூட்டி வருவார். அவர்கள் நாட்டுக்கே போய்விட்டால் நன்றாக வாழலாம் என்று எவனோ ஓர் ஏஜென்ட் காதில் ஓதினான். ஒரு நாடு வரைக்கும் விசாவில் போகலாம், அதற்கப்பால் ஒரு காடு, அந்தக் காட்டை ஒரே இரவில் தாண்டினால் போதும் என்றான். நான் கத்தினேன், சோறு ஆக்காமல் படுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"காடும் குளிரும் எனக்குப் புதுசா அனுசியா? ரிவர்ஸ்டன் குளிரத் தாங்கினவன் எந்தக் குளிரையும் தாங்குவேன்" என்றார்.

மாத்தளை பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில் ஒரு ஜேர்கினும், காதை மூடும் மெரூன் நிறத் தொப்பி ஒன்றும் வாங்கினார். தொப்பியின் ஒரு பக்க நாடா வந்த அன்றே அறுந்துவிட்டது. என் பச்சைச் சுடிதார் ஷோலின் ஜரிகைக் கரையை வெட்டி, அந்த இடத்தில் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கோபம் தீராமல்தான் தைத்தேன்.

டிசம்பரில் காட்டுக்குள்ளிருந்து ஒரு லொகேசன் அனுப்பினார். அதோடு சரி. ஏஜென்டின் போன் செத்துப்போனது. கொழும்பில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினேன். "கள்ளத்தனமாகப் போனவரா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் அதற்குமேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

போன், இன்டர்நெட் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் நளீம் நானாதான் அந்த லொகேசனைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நேசனல் பார்க் தங்கச்சி, நம்ம வஸ்கமுவ மாதிரி. எல்லையில இருக்கு" என்றவர், தேடித் தேடி அந்தப் பூங்காவின் நேரலைக் கெமராவைக் கண்டுபிடித்தார். லொகேசன் காட்டிய இடத்துக்குக் கிட்ட இருந்த கெமரா அது ஒன்றுதான். அன்றிலிருந்து என் மதியச் சாப்பாடு பனிதான்.

என் மாமி மரியாயி வேறு வழியில் தேடினாள். நான் முத்துமாரியைக் கும்பிட்டு வளர்ந்தவள், மாமிக்கு வஹகோட்டை அந்தோனியார். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற சாமி அவர்தான் என்பாள். மூக்குத்தி காணாமல் போனாலும் அவர், ஆடு காணாமல் போனாலும் அவர். கிடைத்துவிட்டால் கோயில் வாசலில் ஏழைகளுக்குப் பாண் ரொட்டி கொடுக்க வேண்டும். மகன் கிடைத்தால் பை நிறையப் பாண் கொடுப்பதாக அவள் நேர்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்ப்பாள். ஒரு நாள் பூங்கா ஆட்கள் வந்து வைக்கோல் கொட்டிவிட்டுப் போனார்கள். மாமிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா புள்ள? காட்டு மாட்டுக்கே புல்லு போடுறாங்க. மனுசனுக்கு ஒரு வாய் சோறு போடாமயா இருப்பாங்க? எங்கயோ வச்சிப் பாத்துக்கிறாங்க, நீ பயப்புடாத."

அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

பெப்ரவரியில் ஒரு கன்று நொண்டிக்கொண்டு வந்தது. முன்னங்காலில் கம்பி சுற்றியிருந்தது. அவ்வளவுதான், சாட்டில் ஒப்பாரி எழுந்தது. காலையிலிருந்து தனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஒருத்தி எழுதினாள். குட்டிக்குக் குளிருமா என்று இன்னொருத்தர் கேட்டார். மறுநாளே சிவப்பு ஜாக்கெட் போட்டவர்கள் பனி வண்டியில் வந்து இறங்கினார்கள். மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, மருந்து கட்டிவிட்டுப் போனார்கள். சனங்கள் கைதட்டும் படங்களை அனுப்பித் தள்ளினார்கள். ஆக, அந்த இடத்துக்கு ஆள் வர முடியும். வண்டி வரும், டாக்டர் வருவார். கேட்கிறவர்கள் கேட்டால் எல்லாம் வரும்.

நானும் கேட்டேன். நான் சொல்லச் சொல்ல நளீம் நானா இங்கிலீஷில் எழுதினார். என் புருஷன் பெயர் ரஜீவ். டிசம்பரில் இந்தக் காட்டிலிருந்துதான் கடைசியாக லொகேசன் அனுப்பினார். கன்றுக்கு வந்தவர்களை அனுப்பி அவரையும் தேடுங்கள்.

யாரோ கும்பிடும் கைப்படம் ஒன்று போட்டார்கள். இன்னொருவர், இது மன அமைதிக்காக வரும் இடம், தயவுசெய்து விலங்குகளைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்று எழுதினார். பிறகு நான் எழுதியது காணாமல் போனது. நளீம் நானா தன் பெயரில் போட்டுப் பார்த்தார், அவரையே வெளியே தள்ளிவிட்டார்கள். பூங்காவுக்கு ஈமெயில் அனுப்பினோம். எங்கள் விலங்குகள் மீதான உங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது. கூடவே, பார்வையாளர் நேர விபரமும் இருந்தது.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கியது. ஒரு திங்கட்கிழமை வைக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு செந்நரி வந்தது. வாயில் எதையோ கவ்விக்கொண்டு வந்து கீழே போட்டது. முன்னங்காலால் தட்டியது. மேலே தூக்கி எறிந்து பாய்ந்து பிடித்தது. அதோடு சேர்ந்து பனியில் உருண்டது. சாட் துள்ளிக் குதித்தது. பொம்மை கிடைத்துவிட்டதாம் குட்டிப் பையனுக்கு! பெயர் வைக்க வேண்டுமாம். ஆளுக்கொரு பெயர் சொல்லி, கடைசியில் சார்லி என்று முடிவானது.

நரி அதன் காதுப் பக்கத்தைக் கவ்வி உதறியபோது ஒரு பக்கம் மெரூன் நாடா ஆடியது. மறுபக்கம் பச்சையாக ஒன்று ஆடியது. விழுந்த வெயிலில் ஜரிகை மின்னியது.

ஒரு காட்டு நரிக்குப் பெயர் வைக்க அத்தனை பேர் இருந்தார்கள். என் புருஷனின் பெயரை நானே அவர்களுக்குச் சொன்னேன். அதை அழித்தார்கள். அவர்கள் ஒருவரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டோரிலிருந்து எழுந்து நளீம் நானா கடைக்குப் போனேன். அவர் அதை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"தொப்பி மட்டும் விழுந்திருக்கலாம் தங்கச்சி. ஆள் நடந்து போயிருப்பாரு" என்றார்.

"அந்தக் குளிர்ல தொப்பிய விட்டுட்டு யாராவது நடப்பாங்களா நானா?"

அவர் குனிந்து கண்ணாடி மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பேக்கரியில் பாண் சூடாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தோனியார் மேல் வெறி வந்தது. தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவராமே! கண்டுபிடித்துவிட்டார். நாளைக்குச் செவ்வாய், அவருடைய நாள். நேர்ந்ததை அவர் முகத்திலேயே எறிந்துவிட்டு வருகிறேன் என்று பை நிறையப் பாண் வாங்கினேன். அந்தப் பையைப் பார்த்தால் மாமி என்ன நினைப்பாள் என்று யோசிக்கவே இல்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது.

லயத்து வீட்டு வாசலில் மாமி மிளகு காயப் போட்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள், பையைப் பார்த்தாள். கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது.

"கெடைச்சிட்டானா?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் மிளகை மிதித்துக்கொண்டு ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தாள். "எங்க இருக்கான்? பேசினானா? அந்தோனியாரே, என் ராசாவே! நாந்தான் சொன்னேனே, எங்கயோ வச்சிப் பாத்துக்கிறாங்கன்னு!"

"மாமி..."

"போனப் போடு புள்ள, நான் ஒரு வார்த்த பேசணும்."

ஐந்து நிமிடம் அவளை அப்படியே விட்டிருக்கலாம். அந்தச் சந்தோசத்துக்கு முன்னால் நிற்க எனக்குத் தெம்பில்லை.

"தொப்பிதான் கெடைச்சிச்சி மாமி."

நளீம் நானா போனில் போட்டுத் தந்த வீடியோவை ஓடவிட்டு அவள் கையில் கொடுத்தேன். அதற்குள் யாரோ அதற்குத் துள்ளலாக ஒரு பாட்டு சேர்த்திருந்தார்கள். மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பச்சை நாடாவை நான் தைத்தபோது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் அழவில்லை. தோட்டத்துக்குள் பன்றி புகுந்தால் விரட்டுவாளே, அதே குரலில், "ச்சூ! ச்சூ!" என்று கத்தினாள். போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், "போ! விடு அத! ச்சூ!" என்றாள். பக்கத்துக் காம்பரா சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வீடியோ முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது, நரி தொப்பியைக் கவ்விக்கொண்டு வந்தது, மாமி மறுபடி விரட்டினாள்.