ஐம்பது கிலோ

நிரந்தர வேலைக்கு மெடிக்கல் திங்கக்கிழமை. ஒரகடம் கம்பெனியில பதினோரு வருசமா காண்ட்ராக்ட்ல கார் சீட் ஃப்ரேம் தூக்கினு இருக்கேன். இதை விட்டா எனக்கு வயசு தாண்டிடும். எடை ஐம்பது கிலோவாவது இருக்கணும்னு சொல்லிட்டாங்க. நான் ஐம்பதரை.

என் ரூம்மேட் வேல்ராஜ் திருநெல்வேலிக்காரன். செல்லுல ஒரு வீடியோ காட்டினான்.

"அண்ணாச்சி, கொடல்ல அஞ்சு கிலோ அழுக்கு ஒட்டிக் கெடக்குமாம். டெஸ்ட்ல தெரிஞ்சிரும். கழுவி விட்டுட்டுப் போங்க."

"குடலு இன்னா டிபன் பாக்ஸாடா?"

"வெளாடாதீய. பொடி வாங்கியாச்சு."

பாக்கெட்டுல பெரிய எழுத்தை மட்டும் கூட்டிப் படிச்சேன். இயற்கைன்னு போட்டிருந்தது. அப்புறம் இன்னா பயம்? எடை நெனப்பே வரல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு ஸ்பூன் கலக்கிக் குடிச்சேன். ஒண்ணும் நடக்கலையேன்னு இன்னும் ரெண்டு.

அதுக்கப்புறம் நடந்தது. எங்க மாடியில பன்னெண்டு பேருக்கு ஒரு கக்கூஸ். வெளியே பக்கெட்டோட வரிசை நிக்குது.

"யோவ் தாவீது, உள்ளயே ஓ.டி. பாக்கறியா?"

மறுநாள் கம்பெனி கிளினிக்ல நர்ஸ் ஜாஸ்மின் என்னை எடை மெஷின்ல ஏத்தினாங்க. நாப்பத்தொம்பது புள்ளி ரெண்டு. பி.பி.யும் இறங்கியிருந்தது.

"இன்னாண்ணே சாப்பிட்டீங்க?"

"சாப்பிடலம்மா. குடலைக் கழுவினேன்."

"யாரு சொன்னது?"

"ரூம்மேட்டு."

"டாக்டரா?"

"வெல்டரும்மா."

அவங்க சிரிப்பை அடக்கினு சொன்னாங்க. "குடலு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். உள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னா டாக்டரே மருந்து எழுதுவாரு. சும்மா குடிச்சா மயக்கம்தான். போனது அழுக்கு இல்லண்ணே, உங்க ஒடம்புத் தண்ணியும் உப்பும்."

ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் கலக்கிக் குடுத்தாங்க. "மெதுவா குடிங்க. பன்னெண்டு மணிக்கு டாக்டர் கிளம்பிடுவாரு. அதுக்குள்ள இன்னொரு தடவ பாக்கலாம்."

பதினொன்னரைக்குத் தலைசுத்தல் நின்னுச்சு. ஆனா மூத்திரம் முட்டுது. எதிர்லயே பாத்ரூம்.

"போயிட்டு வாங்களேன்."

"வேணாம்மா. அதுவும் என் எடைதான்."

பல்லைக் கடிச்சுனு மெஷின்ல ஏறினேன். ஐம்பது புள்ளி ஒண்ணு. பி.பி.யும் சரியாயிடுச்சு. டாக்டர் தலையாட்டினாரு. ஜாஸ்மின் ஃபாரத்தை நீட்டினாங்க.

"கையெழுத்துப் போடுங்கண்ணே."

என் பேரு மூணே எழுத்து. நாப்பது வயசுல கத்துக்கினு, இப்படி ஒரு ஃபாரத்துல போடணும்னுதான் ஆசையா வெச்சிருந்தேன். முதல் எழுத்தைப் போட்டேன்.

"மீதியை வந்து போடறேம்மா!"ன்னு ஓடினேன்.